எஞ்சினுக்குள் ஒரு கடைமடை

மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை என்றால் எங்கள் ஆரல்வாய்மொழிப் பக்கம் பெருமை பேச ஆள் நிறைய. நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவன். என்னிடம் பிள்ளைகள் கேட்பதும் அந்த நெருப்பையும் சத்தத்தையும் பற்றித்தான். சத்தமில்லாத எஞ்சினை யார் கேட்கிறார்கள்? நம்ம மேலக்காட்டுவிளைக்காரர் வி. நாராயணன் இஸ்ரோ தலைவரானது 2025 ஜனவரியில். அந்த மார்ச்சிலேயே அப்படிச் சத்தமில்லாத எஞ்சின் ஒன்று, இஸ்ரோவின் 300 மில்லிநியூட்டன் பிளாஸ்மா எஞ்சின், 1,000 மணி நேரச் சோதனையை முடித்தது. அதன் தள்ளுவிசை 30 கிராம் எடைக்குச் சமம், அவ்வளவுதான். ஆனால் விண்வெளியில் மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருக்கும். எரிபொருள் சுமையும் வெகுவாகக் குறையும்.

இதற்கு மூத்தது சல்லடை வைத்த அயனி எஞ்சின். 1998-ல் டீப் ஸ்பேஸ் 1, 2007-ல் டான் விண்கலங்கள் அதில்தான் போயின. ஓர் உருளை அறைக்குள் செனான் வாயு. பின்பக்க நடுவிலிருந்து பாயும் எலெக்ட்ரான்கள் செனானை மோதி அயனியாக்கும். முன்னால் 30 செ.மீ. அகலச் சல்லடை, உயர் மின்னழுத்தம் அயனிகளை அதன் துளைகள் வழியே இழுத்து வெளியே எறியும்.

சிக்கல் அறைக்குள்ளே. மடைவாய் வயலில் தண்ணீர் தேங்கிக் கடைமடை காய்வதுபோல, நடுவில் பிளாஸ்மா, அதாவது அயனியான வாயு, குவிந்து ஓரம் மெலிகிறது. குவிந்த இடத்தில் இரண்டு எலெக்ட்ரான் இழந்த அயனிகளும் கூடும். அவை சல்லடையை இன்னும் வேகமாக அரிக்கும். டீப் ஸ்பேஸ் 1-இன் உதிரி எஞ்சினை 30,352 மணி நேரம் ஓட்டிப் பிரித்தபோது நடுத்துளைகளே அதிகம் தேய்ந்திருந்தன.

ஒவ்வொரு வடிவத்தையும் இப்படி வருஷக்கணக்கில் ஓட்டிப் பார்க்க முடியுமா? அதனால்தான் கணினி. முதலில் அறையைச் சுற்றியுள்ள காந்தங்களின் புலத்தைக் கணக்கிடுவார்கள். அதற்குள் வேக எலெக்ட்ரான்களை ஓடவிட்டு, எங்கே எத்தனை மோதல் என்று எண்ணுவார்கள். பிளாஸ்மா அடர்த்தி மாறினால் மோதலும் மாறும். எனவே விடை நிலைக்கும்வரை திரும்பத் திரும்பக் கணக்கு. அமெரிக்க ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தில் ரிச்சர்ட் விர்ஸ், ஐரா காட்ஸ் இப்படித்தான் கண்டார்கள்: எலெக்ட்ரான்களை நடு அச்சில் சிறைவைத்ததே காந்தப்புலம்தான்! சுவரில் போய் வீணாகாமல் காக்க வைத்த காந்தமே நடுவில் நெரிசலை உண்டாக்கியிருக்கிறது. காந்த அமைப்பு மாறிய அடுத்த எஞ்சினான நெக்ஸ்டில் பிளாஸ்மா இன்னும் சமமாகப் பரவியது. 2021-ல் அது டார்ட் விண்கலத்தில் பறந்தது.

இஸ்ரோ எஞ்சினில் சல்லடை கிடையாது. வளையமான ஒரு பீங்கான் வாய்க்கால்தான். அதிலும் வாயு சுற்றிலும் சமமாகப் பரவ வேண்டும், சுவர் தேயும் கணக்கும் உண்டு.

இஸ்ரோவுக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகளே, ஒற்றைப் பரிமாணப் பிளாஸ்மா நிரல் ஒன்றைச் சாதாரண மடிக்கணினியிலேயே எழுதலாம். இந்த விடுமுறையில் எழுதிப் பாருங்கள்.