தாய்ப்பலகை மாறிய பிறகு

ஜார்ஜ்டவுனின் சூலியா தெருவுக்கு அந்தப் பெயர் தமிழ் முஸ்லிம் வணிகர்களால் வந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த அவர்களை அன்று சூலியர் என்று அழைத்தனர். தெருவில் உள்ள நாகூர் தர்காவும் அருகிலுள்ள கபித்தான் கெலிங் பள்ளிவாசலும் இன்றும் அந்த வரலாற்றைச் சொல்கின்றன. ஐந்தடி நடைபாதையை ஒட்டிய கடைவீடுகளில் கீழே வணிகம், மேலே குடும்பம் என்று வாழ்ந்த காலம் நெடியது.

இதே தீவின் தென்பகுதியில் பாயான் லெப்பாஸ் இருக்கிறது. 1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்குதான் அமைத்தது. அந்நிறுவனத்தின் செயலியைக் கழற்றி அதன் உலோக மூடியைத் துடைத்துப் பார்த்தால், சிலவற்றில் ‘மலாய்’ என்று ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். மலேசியாவில் பொருத்திச் சோதிக்கப்பட்டது என்பது அதன் பொருள். பாயான் லெப்பாசிலிருந்து புறப்பட்ட செயலி ஒன்று உலகைச் சுற்றிவிட்டு, மீண்டும் பினாங்கிலேயே ஒரு வீட்டு மேசையில் வந்து அமர்ந்திருக்கவும் கூடும்.

அப்படி ஒரு வீட்டுக் கணினியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இடம், சூலியா தெருக் கடைவீடு ஒன்றின் மாடி. ஒரு மாலை இடிமழையில் மின்சாரம் நின்று மீண்டும் வந்தது. விளக்குகள் எரிந்தன, கணினி மட்டும் உயிர்பெறவில்லை. தாய்ப்பலகை பழுதாகிவிட்டது என்று தெரிந்தது. அது 2011ஆம் ஆண்டுத் தலைமுறையைச் சேர்ந்தது. அவ்வகைப் பலகை இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது. எனவே, அப்பா பயன்படுத்திய பலகை ஒன்றை வாங்கி வந்தார். ஐந்தாம் படிவத்தில் பயிலும் மகளும் அவள் அண்ணனும் அதைப் பெட்டிக்குள் பொருத்தினர். பொத்தானை அழுத்தியதும் மின்விசிறிகள் சுழன்றன. திரை மட்டும் இருண்டே கிடந்தது.

“கடைக்காரர் ஏமாற்றிவிட்டார். நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்,” என்றார் அப்பா.

“கொஞ்சம் பொறுங்கப்பா. அண்ணனும் நானும் இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றோம்,” என்றாள் மகள்.

பலகைக்குக் கொடுத்த பணம் மட்டுமன்று அங்கே ஆபத்தில் இருந்தது. வன்தட்டில் மூன்றாண்டுக் கடைக்கணக்கும், மகளின் பள்ளி இடுபணியும், மறைந்த பாட்டியின் படங்களும் இருந்தன. எதற்கும் நகல் இல்லை. அவசரப்பட்டுச் செய்யும் ஒரு தவறு பலகையோடு நிற்காது. அவை அனைத்தையும் கொண்டுபோய்விடலாம்.

தாய்ப்பலகையை மாற்றுவது மின்விளக்கை மாற்றுவது போன்றதன்று. செயலி, குளிர்விப்பான், நினைவகம், மின்வடங்கள், முகப்புப் பொத்தானின் மெல்லிய கம்பிகள் ஆகிய அனைத்தையும் கழற்றி மீண்டும் இணைக்க வேண்டும். நேற்றுவரை சரியாக இருந்த இணைப்புகள் எல்லாம் இன்று நம் கையால் புதிதாகச் செய்யப்பட்டவை. ஆகவே, மாற்றிய உடனே கணினி இயங்கவில்லை என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது வாங்கிய பொருளையன்று, பொருத்திய வேலையையே. இதை ஒப்புக்கொள்வதுதான் கடினம். கடைக்காரரைக் குறை சொல்வது எளிது.

மின்விசிறி சுழல்வதைக் கண்டு பலர் ஏமாந்துபோகின்றனர். மின்வழங்கி மின்சாரம் தருகிறது, பொத்தான் வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே அது சான்று. செயலி இயங்குகிறது என்பதற்கு அது சான்றாகாது. பலகைக்கு 24 முனைகள் கொண்ட பெரிய மின்வடம் ஒன்று வருகிறது. செயலிக்கோ, 4 அல்லது 8 முனைகள் கொண்ட தனி வடம் 12 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுவருகிறது. அதற்குரிய துளை பலகையின் மூலையில், குளிர்விப்பானின் நிழலில் மறைந்திருக்கும். அதைச் செருக மறந்தால் விசிறி சுழலும், படம் வராது. திரையின் வடம் வரைகலை அட்டையில் செருகப்படாமல் பலகையில் செருகப்பட்டிருந்தாலும் இதே நிலைதான். நினைவக அட்டை முழுமையாக அமராமல் ஒரு பக்கம் தூக்கி நின்றாலும் இதே நிலைதான்.

அண்ணனும் தங்கையும் இம்மூன்றையும் பார்த்தனர். மூன்றும் சரியாகவே இருந்தன. அப்போது தங்கை ஒரு குறிப்பேட்டை எடுத்தாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதையும் விளைவையும் எழுதிவைப்பது என்று முடிவு செய்தனர். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால், கணினி இயங்கத் தொடங்கினாலும் எதனால் இயங்கியது என்று தெரியாது.

அடுத்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினர். நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்வழங்கிக்குள் மின்னூட்டம் தேங்கி நிற்கும் என்பதால், அப்பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. கணினியின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, பலகையில் எஞ்சிய மின்சாரத்தை வடியவிட்டனர். உடலில் உள்ள நிலைமின்சாரம் நீங்க, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொண்டனர். பிறகு பலகையை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்தனர். செயலி, குளிர்விப்பான், ஒரே ஒரு நினைவக அட்டை, திரை ஆகியவற்றைத் தவிர வேறு எதையும் இணைக்கவில்லை. வன்தட்டைக்கூட இணைக்கவில்லை. இயங்குவதற்கு இன்றியமையாத உறுப்புகளை மட்டும் வைத்துத் தொடங்கினால், கோளாறு ஒளிந்துகொள்ளும் இடங்கள் குறைந்துவிடும்.

பொத்தானுக்குரிய இரு ஊசிகளைத் திருப்புளி முனையால் ஒரு கணம் தொட்டதும் திரையில் எழுத்துகள் தோன்றின. பலகை நன்றாக இருக்கிறது! அப்படியானால் கோளாறு பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

பெட்டியின் அடித்தகட்டில் சிறு பித்தளைத் தாங்கிகள் பொருத்தப்பட்டிருக்கும். பலகை தகட்டைத் தொடாமல் சற்று உயர்ந்து நிற்க அவை உதவுகின்றன. பழைய பலகை மைக்ரோ ஏ.டி.எக்ஸ். அளவிலானது, 244 மில்லிமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்டது. வாங்கி வந்ததோ ஏ.டி.எக்ஸ். அளவு, 305க்கு 244 மில்லிமீட்டர். இரண்டின் மேல்வரிசைத் துளைகள் பொதுவானவை. கீழ்வரிசை மட்டும் வேறுபடும். சிறிய பலகையின் கீழ்வரிசைக்காக வைத்த தாங்கிகள், இப்போது பெரிய பலகையின் வயிற்றுக்கு அடியில், துளையே இல்லாத இடத்தில் முட்டிக்கொண்டிருந்தன. பலகையின் பின்புறப் பற்றவைப்புப் புள்ளிகளைப் பித்தளை தொட்டதால் குறுஞ்சுற்று ஏற்பட்டிருந்தது. அந்தத் தாங்கிகளைக் கழற்றிப் புதிய துளைகளுக்கு நேராக மாற்றினர். பெட்டிக்குள்ளேயே படம் வந்தது. கடைக்காரரிடம் கோபத்தோடு போயிருந்தால், அவர் வேறொரு பலகையைத் தந்திருப்பார். அதே தாங்கி அதையும் முட்டியிருக்கும்.

அதற்காகத் தொழிற்சாலை தவறே செய்யாது என்றும் சொல்வதற்கில்லை. 2011 ஜனவரி 31ஆம் நாள், இன்டெல் நிறுவனம் தன் 6 வரிசைத் துணைச் சில்லுகளில் வடிவமைப்புக் குறை இருப்பதாக அறிவித்தது. வன்தட்டை இணைக்கும் சாட்டா துறைகளில் மெதுவான வேகம் கொண்ட நான்கும் காலப்போக்கில் வலுவிழக்கக்கூடும். வேகமான முதல் இரண்டுக்கும் பாதிப்பில்லை. பழுதுநீக்கத்துக்கும் மாற்றித் தருவதற்கும் ஏறத்தாழ 70 கோடி அமெரிக்க டாலர் செலவாகும் என்று அந்நிறுவனமே கணக்கிட்டது. உலகெங்கும் வீட்டுக் கணினிகளின் தாய்ப்பலகைகள் கழற்றப்பட்டு மாற்றப்பட்டன. திருத்திய சில்லைக் கொண்ட பலகைகள் ‘பி3’ என்ற அடையாளத்துடன் வந்தன. அத்தலைமுறைப் பலகையைப் பழையதாக வாங்குவோர் அந்த அடையாளத்தைத் தேடிப் பார்ப்பது நல்லது. அண்ணன் அதைத் தேடினான், அட்டைப்பெட்டியில் இருந்தது. என்றாலும், வன்தட்டை அவன் முதல் துறையிலேயே செருகினான்.

வன்தட்டை இணைத்ததும் இரண்டாவது சோதனை வந்தது. இயங்குதளம் பாதி ஏறி, நீலத்திரையில் நின்றது. பலர் கணினியின் இயங்குதளத்தை மீண்டும் நிறுவத் துணிவது இந்தக் கட்டத்தில்தான். நிறுவும்போது வட்டை அழிக்கும் தேர்வைத் தெரியாமல் அழுத்திவிட்டால், கணக்கும் படங்களும் போய்விடும். தங்கை கணினியை அணைத்தாள். வன்தட்டைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்பி வழியாக உறவினரின் மடிக்கணினியில் செருகினாள். கோப்புகள் அப்படியே இருந்தன. அனைத்தையும் நகலெடுத்த பின்னரே அடுத்த வேலை.

நீலத்திரைக்குக் காரணம் சிறியது. வன்தட்டோடு பேசும் முறையைப் பலகையின் பயோஸ் தீர்மானிக்கிறது. பழைய பலகையில் அது ஐ.டி.இ. முறையில் இருந்தது, வாங்கி வந்த பலகையில் ஏ.எச்.சி.ஐ. என்று இருந்தது. பழைய முறைக்கே மாற்றியதும் இயங்குதளம் ஏறியது. நாளும் நேரமும் மட்டும் பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தன. பலகையில் உள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் தீர்ந்திருந்தது. தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்க மறுக்கும் என்பதால், அந்த மலிவான மின்கலத்தையும் மாற்ற வேண்டியிருந்தது.

புதிய கணினிகளில் வேறொரு சிக்கல் உண்டு. வன்தட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருந்தால், தாய்ப்பலகை மாறியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பலகையைத் தொடுவதற்கு முன்பே அந்த எண்ணைத் தேடி எழுதிவைக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால், நல்ல நிலையில் உள்ள வன்தட்டும் திறக்காத பெட்டிதான்.

அன்றிரவு அப்பா கடைக்கணக்கைத் திறந்து பார்த்தார். அண்ணன் பழைய பலகையை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். செயலிக்கு அருகில் இருந்த மின்தேக்கிகளில் இரண்டின் தலை உப்பியிருந்தது. நல்ல மின்தேக்கியின் தலை தட்டையாக இருக்கும். அப்படியானால், அந்த இடிமழைக்கு முன்பே பலகை நலிந்துகொண்டிருந்திருக்கலாம். மலேசியாவில் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, இத்தகைய மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ 110 என்ற வகையில் அடங்கும், குப்பைத்தொட்டியில் போடத்தக்கதன்று. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைப்பதற்காக, புதிய பலகை வந்த அதே அட்டைப்பெட்டியில் அதை வைத்து மூடினான்.