மின்பலகையில் ஷார்ட்: பழி சொல்லுமுன் அளந்து பாருங்கள்

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் எலெக்ட்ரானிக் சாமான் வியாபாரம் செய்பவன் நான். பொறியியல் படித்தவன் அல்லன். கடைக்கு வருகிறவர்களைக் கேட்டும் புத்தகம் பார்த்தும் கற்றுக்கொண்டது நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சில வருஷம் முன்பு ஒரு தம்பி வந்தார். புதிதாக இருபது போர்டு செய்திருந்தார். மூன்றுக்குக் கரண்ட் கொடுத்தார், மூன்றும் ஷார்ட். "சால்டர் வெச்ச அம்மா கெடுத்துட்டாங்க ஐயா, கூலியை நிறுத்திட்டேன்" என்றார். "மிச்சம் பதினேழை அளந்து பார்த்தீங்களா தம்பி?" என்று கேட்டேன். பார்க்கவில்லை.

முதல் பாடம் அதுதான். கரண்ட் கொடுக்குமுன் ப்ளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். 'பீப்' சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். சில பத்து ஓம் இருந்தாலும் பல மீட்டர்கள் கத்தும். ஆனால் ப்ராசசரின் சப்ளை லைன் நல்ல நிலையிலேயே சில ஓம்தான் காட்டுவதுண்டு. எண் சிறிதாகத் தொடங்கி மெல்ல ஏறினால் கண்டன்சர் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். முனைகளை மாற்றி வைத்தும் அதே சொற்ப ஓம் நின்றால் சந்தேகப்படலாம்.

இரண்டாவது, எத்தனை போர்டில் கோளாறு என்று எண்ணுவது. சாமான் ஏற்றாத வெறும் போர்டே ஷார்ட் என்றால் சால்டர் வைத்தவர் மேல் குற்றமில்லை. ஒன்றில் மட்டும் என்றால் ஐ.சி. கால்களுக்கு நடுவே ஈயம் ஒட்டியிருக்கலாம். போர்டை வளைத்ததில் செராமிக் கண்டன்சர் விரிசல் விட்டிருக்கலாம். எல்லாவற்றிலும் என்றால் வரைபடத்தையும் சாமான் வைத்த திசையையும் பாருங்கள்.

மூன்றாவது, இடம் காண்பது. கரண்டைக் கட்டுப்படுத்தும் சப்ளையில், அந்த லைனுக்குரிய வோல்ட்டுக்குக் கீழேயே வைத்து, 1 ஆம்பியர் விடுங்கள். கறுப்பு முனையைச் சப்ளையின் மைனஸில் வைத்து, சிவப்பு முனையை ப்ளஸ் லைன் நெடுக நகர்த்துங்கள். 35 மைக்ரான் செம்பில் 1 மி.மீ. அகலம், 10 மி.மீ. நீளத்துக்குச் சுமார் 5 மில்லிவோல்ட் இறங்கும். ஓம் 1827-ல் சொன்ன விதிதான் இது. ஷார்ட்டை நெருங்க நெருங்க எண் குறையும். தாண்டிப் போனால் குறையாமல் நிற்கும்.

தம்பி பதினேழையும் அளந்தார். ஒன்றும் ஷார்ட் இல்லை! அப்படியானால் கரண்ட் கொடுத்த பிறகுதான் ஏதோ செத்திருக்கிறது. டான்டலம் கண்டன்சரைப் பார்த்தோம். உருளை வடிவ அலுமினியக் கண்டன்சரில் கோடு மைனஸ். டான்டலத்தில் கோடு ப்ளஸ். தம்பி எழுதிக் கொடுத்த தாளிலேயே கோட்டை மைனஸ் பக்கம் போட்டிருந்தார். அந்த அம்மா தாளில் இருந்தபடியே அச்சுப் பிசகாமல் வைத்திருந்தார்.

மறுநாளே அவர் கூலியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தக் கண்டன்சரை விற்றவன் நான்தான். அன்றிலிருந்து டான்டலம் கேட்டு யார் வந்தாலும், கோடு எந்தப் பக்கம் என்று சொல்லித்தான் பொட்டலம் கட்டுகிறேன்.