கொதிநீர் ஓடையில் இளஞ்சிவப்பு இழைகள்

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஆக்டோபஸ் ஸ்பிரிங் என்றொரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. அதிலிருந்து வழிந்தோடும் தண்ணீரில், சூடு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்திலேயே, இளஞ்சிவப்பு இழைகள் கொத்துக் கொத்தாக அசைந்துகொண்டிருக்கும். 1960-களில் அங்கே வந்த நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக்கை விடாமல் இழுத்தவை இந்த இழைகள்தான். அவ்வளவு சூட்டில் எதுவும் பிழைக்காது என்பதே அன்றைய பொதுக்கருத்து. பிராக் கண்ணாடித் தகடுகளைக் கொதிக்கும் ஊற்றுகளிலேயே தொங்கவிட்டு, பிறகு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். அவற்றில் பாக்டீரியாக்கள் ஒட்டி வளர்ந்திருந்தன.

ஆனால் இளஞ்சிவப்பு இழைகள் மட்டும் ஆய்வகத்தில் வளரவே மறுத்தன. இயற்கையில் வாழும் நுண்ணுயிரிகளில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான். நாம் வைக்கும் தீனியும் தட்டும் அவற்றுக்கு ஒத்துவருவதில்லை. வளர்த்துப் பார்த்ததை மட்டுமே கணக்கில் எடுத்தால், ஓர் ஊரில் வீட்டுக் கதவைத் திறந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு அதுதான் மக்கள்தொகை என்று எழுதுவதுபோல் ஆகிவிடும்.

இன்னொரு நுண்ணுயிரியலாளரான நார்மன் பேஸ் வேறு வழி பிடித்தார். வளர்க்கவே வேண்டாம், இழைகளை அள்ளி, அவற்றிலிருந்து நேராக மரபுப்பொருளைப் பிரித்து, எல்லா உயிரிகளிலும் உள்ள ரைபோசோம் ஆர்.என்.ஏ. வரிசையைப் படித்து உறவுமுறையைக் கண்டுபிடிக்கலாம் என்றார். 1994-இல் அவரது குழு அந்த இழைகளின் நெருங்கிய சொந்தங்களை அடையாளம் காட்டியது. இதற்குக் கைகொடுத்த, மரபுப்பொருளைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறையின் உயிர்நாடி டாக் என்ற நொதி. அது வந்ததோ, பிராக்கும் அவரது மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் அதே பூங்காவின் மஷ்ரூம் ஸ்பிரிங்கில் பிரித்தெடுத்து 1969-இல் அறிவித்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் பாக்டீரியாவிடமிருந்து. கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தப் பரிசோதனையின் அடித்தளமும் இதே பி.சி.ஆர்.தான்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. 1998-இல் ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் ஆய்வாளர்கள் அந்த இளஞ்சிவப்பு இழைகளின் பாக்டீரியாவை வளர்த்தே காட்டினார்கள். தெர்மோகிரினிஸ் ரூபர் என்று பெயரும் வைத்தார்கள். தேங்கிய திரவத்தில் அது தனித்தனிக் குச்சிகளாகவே வளர்ந்தது. திரவத்தை இடைவிடாமல் ஓடவிட்டபோதுதான் நீண்ட இழையாக மாறியது. இழை வடிவத்துக்கு ஓட்டமும் காரணம் என்பதை மரபணு வரிசை மட்டும் சொல்லியிருக்காது.

ஓடையில் இன்னும் கீழே, சூடு 70 டிகிரி அளவுக்குத் தணிந்ததும், பாய்போலப் படர்ந்த நுண்ணுயிர்ப் படலம் தொடங்குகிறது. மேலே பச்சை, அடியில் ஆரஞ்சு. எல்லாம் சில மில்லிமீட்டருக்குள். பகலில் மேலடுக்கு ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளிவிடுகிறது. இருட்டியதும் படலத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, நொதித்தல் தொடங்குகிறது, ஒன்று வெளியேற்றியதை இன்னொன்று உண்கிறது.

இன்று ஒரு சிட்டிகை மண்ணிலிருந்தோ ஒரு குப்பித் தண்ணீரிலிருந்தோ ஆயிரக்கணக்கான உயிரிகளின் மரபணுக்களை மொத்தமாகப் படித்துவிட முடிகிறது. மகத்தான வசதிதான். ஆனால் அந்தக் குப்பியின் மேல் வெப்பநிலை, அமிலத்தன்மை, நீரோட்டத்தின் வேகம், எடுத்தது பகலா இரவா என்பதையும் எழுதி ஒட்டியாக வேண்டும். நண்பகலில் எடுத்த படலமும் நள்ளிரவில் எடுத்த படலமும் ஒரே உயிரிகளைக் காட்டலாம். அவை செய்துகொண்டிருந்த வேலை வேறு.