இரயில் பெட்டிக்குள் ஈயம் இருக்கிறதா? கண்டுபிடிப்பது எப்படி?

இரயிலில் எதிர் சீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தால் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஜன்னல் கம்பியை நக்கும். சீட்டு ரெக்ஸினை நகத்தால் பிராண்டும். தரையில் விழுந்த பிஸ்கட்டை எடுத்து அப்படியே வாயில் போடும். "சீ, அழுக்கு" என்று அம்மா கையைத் தட்டிவிடுவார். அழுக்கு பரவாயில்லை, கழுவினால் போய்விடும். அந்தப் பெயிண்டிலும் ரெக்ஸினிலும் ஈயம் இருந்தால்தான் ஆபத்து. உடம்புக்குள் போன ஈயம் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து வெளியேற ஆண்டுக்கணக்கில் ஆகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்குகிறது.

அது சரி, இரயில் பெட்டிக்குள் ஈயம் எப்படி வருகிறது? தரையில் ஒட்டும் பி.வி.சி. விரிப்பையே எடுத்துக்கொள்வோம். பி.வி.சி.யைச் சூடாக்கினால் அது ஹைட்ரஜன் குளோரைடைக் கக்கிக் கருகும். அதைத் தடுக்க ஈய உப்புகளைக் கலப்பது பழைய வழக்கம். பளிச்சென்ற மஞ்சள் பெயிண்டில் இருப்பது பெரும்பாலும் லெட் குரோமேட். அதாவது ஈயமும் குரோமியமும் ஒரே டப்பாவில்! காட்மியம் சல்பைடு இன்னொரு மஞ்சள். துருவுக்கு அடிக்கும் பிரைமரில் ஜிங்க் குரோமேட். தங்க நிறத்தில் மினுங்கும் பழைய ஸ்க்ரூவின் மேல் இருப்பதும் குரோமேட் பூச்சுதான். பாதரசம் பழைய டியூப் லைட்டோடு சரி.

தீப்பிடிக்காது என்று சர்டிபிகேட் வாங்கிய பொருள் என்பதால் நிம்மதியாக இருந்துவிட முடியாது. தீயை அடக்குவதற்கென்றே ஆன்டிமனி டிரையாக்சைடு கலப்பவர்கள் உண்டு. இது வேறு பரீட்சை, அது வேறு பரீட்சை. ஒன்றில் பாஸானவன் இன்னொன்றில் அரியர்ஸ் வைத்திருக்கலாம்!

பொதுவாக எல்லாரும் கையில் எடுக்கும் அளவுகோல் ஐரோப்பாவின் 'ரோஹ்ஸ்' விதி. ஈயம், பாதரசம், ஆறு இணைதிறன் குரோமியம் ஒவ்வொன்றும் 1000 பி.பி.எம்.முக்குள், காட்மியம் மட்டும் 100-க்குள் இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் அது மின், மின்னணுப் பொருள்களுக்கான விதி. ஆள் ஏற்றும் வண்டிகளுக்கு அதில் விலக்கே உண்டு!

சோதனையின் முதல் கட்டம் எக்ஸ்.ஆர்.எஃப். கருவி. துப்பாக்கி மாதிரி கையில் பிடித்து, பொருளின்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சுவார்கள். அணுவின் உள்கூட்டு எலக்ட்ரான் ஒன்று தெறித்து ஓடும். அந்தக் காலி இடத்துக்கு வெளிக்கூட்டிலிருந்து ஒன்று இறங்கும்போது, அந்தத் தனிமத்துக்கே உரிய ஆற்றலில் ஒரு கதிர் வெளிவரும். ஒரு நிமிடத்துக்குள் விடை தெரிந்துவிடும், பொருளையும் வெட்ட வேண்டாம். ஆனால் இந்தக் கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஈயத்தின் ஒரு கோடு 10.55 கே.ஈ.வி.யில் விழுகிறது, ஆர்சனிக்கின் கோடும் கிட்டத்தட்ட அதே இடம். அதனால் ஈயத்தின் 12.6 கோட்டையும் பார்த்த பிறகுதான் பேச வேண்டும். இன்னொன்று, இப்போது நம்ம பெரம்பூரில் தயாராகும் எல்.எச்.பி. பெட்டியின் கூடு துருப்பிடிக்காத எஃகு. அதன்மேல் உள்ள பெயிண்டைச் சோதித்தால், கதிர் பெயிண்டைத் தாண்டிப்போய் எஃகில் உள்ள குரோமியத்தையும் சேர்த்துக் காட்டும். பெயிண்டைச் சுரண்டி எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

சுரண்டுவது என்றதும் ஒரு கணக்கு ஞாபகத்துக்கு வருகிறது. ஒரு சீட்டு 10 கிலோ. அதன் ரெக்ஸின் மேற்பூச்சு 100 கிராம், அதில் அரை கிராம் ஈயம். மொத்தச் சீட்டுக்கும் கணக்குப் போட்டால் 50 பி.பி.எம்., பாஸ்! பூச்சுக்கு மட்டும் போட்டால் 5000 பி.பி.எம்., படு ஃபெயில்! குழந்தை நக்குவது பூச்சைத்தானே தவிர, உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தை அல்ல. எனவேதான் ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்பது விதி.

சந்தேகம் வந்தால் அடுத்தது அமிலம். மாதிரியைத் தூளாக்கி, 0.2 கிராம் எடுத்து, நைட்ரிக் அமிலத்தோடு மூடிய பாத்திரத்தில் மைக்ரோவேவில் கரைப்பார்கள். திறந்த பீக்கரில் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும். சீக்கிரம் கரையட்டுமே என்று சல்ஃபூரிக் அமிலம் ஊற்றினாலோ, ஈயம் லெட் சல்பேட்டாக அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த நீரை அளந்துவிட்டு "ஈயம் இல்லை" என்று ரிப்போர்ட் எழுத வேண்டியதுதான்! கரைசலை 50 மி.லி. ஆக்கி அணு உட்கவர் கருவியில் வைக்கிறோம். லிட்டருக்கு 0.8 மி.கி. என்று காட்டினால், பொருளில் இருப்பது 200 பி.பி.எம்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது குரோமியம். மூன்று இணைதிறன் உள்ளது அவ்வளவாகத் தொல்லை தராது. ஆறு இணைதிறன் உள்ளது புற்றுநோயை வரவழைக்கும். எக்ஸ்.ஆர்.எஃப்.புக்கு இரண்டும் ஒன்றுதான். அமிலத்தில் போட்டால் ஆறு, பிளாஸ்டிக்கில் உள்ள கரிமப் பொருளோடு வினைபுரிந்து மூன்றாகிவிடும். ஆகவே இங்கே காரம்தான் கை கொடுக்கும். சோடியம் கார்பனேட், சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 90 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பிரித்தெடுத்து, பிறகு டைஃபீனைல் கார்பசைடு சேர்த்தால் செவ்வூதா நிறம் வரும். 540 நானோமீட்டரில் அளக்கலாம். இந்தக் கடைசி வேலைக்கு நம்ம லேபில் இருக்கும் சாதா கலரிமீட்டரே போதும்.

இந்தச் செவ்வூதா நிறத்தை உரிய நேரத்தில் பார்க்காமல் விட்டதன் விலை என்ன என்பதை நெதர்லாந்தின் டில்பர்க் நகரம் அறியும். அங்கே 2004 முதல் 2012 வரை, உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்த வேலையில்லாதவர்களை, இரயில்வே அருங்காட்சியகத்துக்கான பழைய பெட்டிகளைச் சீரமைக்கும் வேலையில் அமர்த்தினார்கள். வரமாட்டேன் என்றால் உதவித்தொகைக்கு ஆபத்து. போய் நின்று பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். அந்தத் தூசியில் குரோமியம் ஆறு இருந்தது. போதிய பாதுகாப்பு இல்லை. 2019-இல் அரசின் சுகாதார ஆய்வு நிறுவனம் அறிக்கை வெளியிட்ட பிறகு நகராட்சி மன்னிப்புக் கேட்டு, தலைக்கு 7000 யூரோ தந்தது. சுவாசப்பைக்குள் போனதை யார் திருப்பி எடுப்பது? பெயிண்ட் சுவரில் ஒட்டியிருக்கும்வரை பயணிக்கு ஆபத்து குறைவு. அதைத் தேய்ப்பவனுக்கும் வெல்டிங் வைப்பவனுக்கும்தான் முழு ஆபத்தும். டிப்ளமோ முடித்து ஒர்க்ஷாப்புக்குப் போகும் நம்மில் பலர் அந்த இடத்தில்தான் நிற்கப் போகிறோம்.

நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டுக்கு 90 பி.பி.எம். ஈயம்தான் உச்சவரம்பு. 2016-இல் விதி வந்தது, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பெயிண்ட் அதில் சேராது. எனவே பெட்டிக்கு வாங்கும் பொருளுக்கு வரம்பு வேண்டுமானால் டெண்டரிலேயே எழுதியாக வேண்டும். எந்த உலோகம், எத்தனை பி.பி.எம்., எந்த முறை, எந்த அடுக்கு, மாதிரியை யார் எடுப்பது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அந்தக் கடைசி விஷயத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது. சப்ளையர் அழகாக நறுக்கிக் கவரில் போட்டு அனுப்பும் துண்டு வேறு. இன்ஸ்பெக்டர் ஸ்டோருக்குப் போய், வந்து இறங்கிய ரோல்களில் ஏதோ ஒன்றைப் பிரித்து, தானே வெட்டி சீல் வைக்கும் துண்டு வேறு.