சவுக்கு மரமும் சாயத் தொட்டியும்

சென்ற மாதம் புதுவையில் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். நீல நூற் சிட்டங்கள் சில, புள்ளி விழுந்தவையென்று திருப்பப்பட்டுக் கிடந்தன. சாயமேற்றியவர் சாயப் பொடியைப் பழித்தார். அவரோ பொடியை உலர்ந்தபடியே தொட்டியிற் கொட்டிக் கலக்கியவர்.

வாட் சாயம் நீரிற் கரையாதது; மிக நுண்ணிய தூளாக அரைக்கப்பட்டது. அத்தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாதவாறு ஆலையிலேயே ஒரு துணைப்பொருளைச் சேர்க்கின்றனர். பெரும்பாலும் அது லிக்னினிலிருந்து செய்யப்படுவது. ஆகவே டப்பாவில் இருப்பது முழுவதும் சாயமன்று. விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்காமல், ஒரு சிட்டத்தை நனைத்துப் பார்த்து வாங்குவதே நலம்.

லிக்னின் என்பது மரத்தின் நார்களைப் பிணைத்து நிற்கும் பசை போன்ற பொருள். உலர்ந்த மரத்தில் ஏறத்தாழக் கால் பங்கு அதுவே. கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் 1984 முதல் உற்பத்தி நடத்திவரும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, கரும்புச் சக்கையோடு சவுக்கு, தைலமரங்களையும் கூழாக்குகிறது. மரச் சில்லுகளைக் காஸ்டிக் சோடா, சோடியம் சல்பைடு ஆகியவற்றுடன் சுமார் 170 பாகை வெப்பத்தில் அழுத்தத்தில் வேகவைப்பது இத்தொழிலில் வழக்கம். நார் தங்கும், லிக்னின் கரைந்து கருநீராக வெளியேறும். பேராலைகள் அதைச் சுண்டச் செய்து எரித்து, நீராவியும் மின்சாரமும் பெற்று, சோடாவையும் மீட்டுக்கொள்கின்றன. இதனை வீண் என்பதற்கில்லை. மீட்பு வசதியற்ற சிற்றாலைகள் கருநீரை ஆற்றில் விட்டதே கொடுமை.

கருநீரில் கரியமில வாயுவைச் செலுத்தினால் லிக்னின் படிந்து பிரியும். அது வெறும் நீரிற் கரையாது. சோடியம் சல்பைட்டும் பார்மால்டிஹைடும் சேர்த்துச் சூடாக்கினால், அதன் மூலக்கூறில் கந்தகக் கூறுகள் இணைந்து நீரிற் கரையும் குணம் வந்துவிடும். அக்கூறுகள் எதிர்மின்னேற்றம் உடையவை. சாயத் துகள் ஒவ்வொன்றையும் லிக்னின் போர்த்திக்கொள்ள, துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. சல்பைட் முறையில் வேகும் ஆலைகளில் இம்மாற்றம் கொப்பரையிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அவ்வகைச் சரக்கு கான்கிரீட்டில் நீரைக் குறைக்கவும் உதவுகிறது. நார்வேயின் சார்ப்ஸ்போர்க் நகரில் அதிலிருந்து வனிலா மணப்பொருளும் எடுக்கிறார்கள். மரத்துக்குள் ஐஸ்கிரீம் மணம் என்றால் யார் நம்புவர்!

குறையும் உண்டு. லிக்னினின் பழுப்பு, பாலியெஸ்டர் துணியின் வெளிர் நிறங்களைச் சற்றே மங்கச் செய்யும். அதைத் தணிக்க, அதன் பீனால் கூறுகளை வேறு இரசாயனங்களால் அடைத்துவிடும் முறையும் உள்ளது.

இவ்வளவு பாதுகாப்பிருந்தும் உலர்ந்த பொடி தண்ணீரில் திடீரென விழுந்தால் வெளிப்புறம் நனைந்து உட்புறம் கட்டியாகும். முதலிற் சிறிது டர்க்கி ரெட் ஆயிலும் வெதுவெதுப்பான நீரும் விட்டுக் குழைத்து, பின்னரே காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் கலந்த தொட்டியிற் சேர்க்க வேண்டும்.

கேட்டுக்கொண்டிருந்த சவுக்குப் பயிரிடும் அங்கத்தினர் ஒருவர், “அந்தக் கால் பங்குக்குத் தனி விலை உண்டா, ஐயா?” என்றார். மரத்தின் முழு எடைக்குமே விலை தரப்படுவதால் அதுவும் அதில் அடங்கியதே என்றோம். அவர் முகம் மலரவில்லை. புள்ளி விழுந்த சிட்டங்கள் அடர்நீலத்தில் மறுபடி முக்கப்பட்டன. இரண்டாம் முறைக் கூலி மட்டும் சாயக்காரருக்குக் கிடைக்கவில்லை.