மலையில் ஒரு வானொலி – 7: தண்ணீர் போகும் வழி

அன்டெனா சென்ற வாரமே தகரக்கூரைக்கு மேலே ஏறிவிட்டது. இனி வயரை இழுத்து ரேடியோவில் சொருகிவிட்டால் முடிந்தது என்பவர் இலங்கை மலைநாட்டுப் புசல்லாவையின் தென்மேல் பருவ மழையைப் பார்த்திராதவர். இங்கே ஈரம் மேலிருந்து கொட்டுவது மட்டுமல்ல, பள்ளத்திலிருந்து மூடுபனியாய் ஏறியும் வரும்.

கேபிள் நுனியில் பூட்டும் கனெக்டரை வாங்க டிவி கடைக்குப் போகாதீர்கள். எஃப் கனெக்டரைத்தான் எடுத்துத் தருவார்கள்; அது 75 ஓம் கேபிளுக்கு. நமக்கு வேண்டியது 50 ஓம். ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களின் கையில் அதிகம் புழங்குவது பிஎல்-259. 1930களில் அமெரிக்காவின் ஆம்பினோல் நிறுவனத்தில் பிறந்தது. அதை யுஎச்எஃப் கனெக்டர் என்பார்கள். பெயரை நம்ப வேண்டாம், அந்தக் காலத்தில் 30 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினாலே அந்தப் பெயர்தான். சிற்றலைக்கு அது தாராளம், 145 மெகாஹெர்ட்ஸிலும் சமாளிக்கும், 430 என்றால் வேண்டாம்.

மலைநாட்டில் எனக்கு அதன்மேல் உள்ள மனத்தாங்கல் வேறு: தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் அதில் இல்லை. பெல் ஆய்வுக்கூடத்தின் போல் நீல் 1940களில் வடிவமைத்த என்-டைப் கனெக்டரில் அது உண்டு. அதனால் கூரைமேல் என்-டைப், மேசையில் பிஎல் என்பது என் வழக்கம்.

கேபிள் 10 மில்லிமீட்டர் ஆர்ஜி-213 என்றால் பிஎல்லுக்குள் அப்படியே நுழையும். 5 மில்லிமீட்டர் ஆர்ஜி-58 என்றால் யுஜி-175 என்ற குறுக்கியும் வாங்குங்கள். ஆனால் மெல்லிய கேபிளை நீளமாக இழுக்காதீர்கள். 145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் போவதற்குள் 10 வாட்டில் ஏறத்தாழ இரண்டரைதான் மிஞ்சும்.

இனி பிஎல்லைப் பூட்டும் வேலை. வெளி வளையத்தை முதலில் கேபிளில் மாட்டுங்கள். நானும் மறந்திருக்கிறேன், பற்றவைத்து, ஊதி ஆறவைத்து நிமிர்ந்தால் வளையம் மேசையில் கிடக்கும்! கேபிளின் செம்புப் பின்னலைக் கனெக்டர் உடலின் நான்கு துளைகள் வழியாகப் பற்றவைக்க வேண்டும். 25 வாட் அயன் போதாது. உடம்பு முழுவதும் சூட்டைக் குடித்துவிடும். ஈயம் பிடிப்பதற்குள் உள்ளிருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் இளகி நடுக்கம்பி ஒதுங்கிவிடும். 100 வாட் அயனால் சுருக்கென்று முடித்துவிடுங்கள். நிக்கல் பூச்சில் ஈயம் எளிதில் ஒட்டாது, துளையைச் சுற்றி அரத்தால் ராவிக்கொள்ளுங்கள். அன்டெனாவில் பூட்டுமுன் மல்ட்டிமீட்டரை வைத்து, நடுக்கம்பியும் வெளி உடம்பும் தொடவில்லையா என்று பாருங்கள்.

2004 சுனாமியின்போது விக்டர் குணதிலக்க உள்ளிட்ட இலங்கை வானொலிச் சங்கத்து ஹாம்கள் ஹம்பாந்தோட்டையுடன் தொடர்பு வைத்திருந்தது சிற்றலையில்தான். அப்படியொரு நாளில் விட்டுப்போன மூட்டைப் பற்றவைக்க அயனைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பூட்டிய மூட்டில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். வீட்டுக்குள் நுழையுமிடத்தில் கேபிளைத் தொங்கலாக வளைத்துவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஒரு ஆவணியில், அன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்புகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் எனக்கு 1.2 காட்டியது, பார்க்கவே அழகு. ஆனால் கூப்பிட்டால் யாருக்கும் கேட்கவில்லை. நனைந்த கேபிள் சக்தியைப் போகும்போதும் திரும்பும்போதும் விழுங்கியதால் மீட்டர் ஏமாந்திருக்கிறது. நுனியை வெட்டினேன். பின்னல் பச்சைக் களிம்பேறிக் கிடந்தது. செம்பு பளபளக்கும் இடம்வரை வெட்டிக்கொண்டே போனதில் இரண்டு முழம் போயிற்று.