சோதனையில் வென்றது, மாநிலம் முழுவதும் ஏன் சறுக்கியது?

புதிய திட்டம் ஒன்று எதிர்பார்த்த பலனைத் தராதபோது, திட்டமே சரியில்லை என்பார்கள் சிலர். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை என்பார்கள் வேறு சிலர். இரண்டும் அல்லாத காரணம் ஒன்றும் உண்டு. அதை விளக்க அமெரிக்காவின் இரு மாநிலங்களில் நடந்ததையே நான் எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம்.

1985இல் டென்னசி மாநிலத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. மழலையர் வகுப்பில் தொடங்கி மூன்றாம் வகுப்பு வரை, குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு 13 முதல் 17 பேர் கொண்ட சிறு வகுப்பு. மற்றவர்களுக்கு 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்பு. நான்கு ஆண்டு முடிவில், சிறு வகுப்புக் குழந்தைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னே நின்றார்கள்.

இந்த வெற்றியும் கண்முன் இருக்க, 1996இல் கலிஃபோர்னியா களமிறங்கியது. ஏறத்தாழ 30 பேர் இருந்த தொடக்க வகுப்புகளை 20 பேராகக் குறைத்தால் ஒரு குழந்தைக்கு 650 டாலர் நிதி என்று அறிவித்தது. கோடையில் சட்டம், அதே கல்வியாண்டில் நடைமுறை!

திடீரென ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். முழுத் தகுதிச் சான்று பெறாத தொடக்க வகுப்பு ஆசிரியர்களின் பங்கு 2 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது; இரண்டே ஆண்டுகளில் 12 விழுக்காட்டைத் தாண்டியது. ஏழைக் குழந்தைகள் படித்த பள்ளிகளில் இந்தக் குறை மிக அதிகம். இடமில்லாத பள்ளிகளில் நூலகமும் இசை அறையும் வகுப்பறைகளாயின. 2002இல் வந்த இறுதி மதிப்பீட்டால், மதிப்பெண் உயர்வுக்குச் சிறு வகுப்பே காரணம் என்று உறுதிசெய்ய முடியவில்லை.

சிறு வகுப்பு நல்லது என்ற கருத்து இதனால் பொய்யாகிவிடவில்லை. டென்னசியில் பங்கேற்றவை ஏறத்தாழ 80 பள்ளிகளே. அவற்றில் போதிய அறைகள் இருந்தன. தேவைப்பட்ட கூடுதல் ஆசிரியர்களும் சிலரே. கலிஃபோர்னியா வகுப்பின் அளவை எடுத்துக்கொண்டது. அந்த அளவைப் பயன்படச் செய்த சூழலை எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே புதிய திட்டம் வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். இது எங்கே, எந்த வசதிகளோடு வென்றது? அவற்றில் எவை நம் பள்ளியில் உள்ளன? இல்லாதவற்றை யார், எப்போது தருவார்கள்? விடைகளைக் குறுவள மையக் கூட்டத்தில் எழுத்தாகவே பதிவுசெய்வோம். வகுப்பறையின் உண்மை நிலை மேலே போய்ச் சேர்ந்தால்தான் நல்ல திட்டமும் பிழைக்கும்.